பென்ஷன் பணத்தில் பிளாக் ஷேடோ வாங்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன், வயது 61. பென்ஷனில் ஒரு பகுதியை எடுத்ததில் கையில் 60,000 பவுண்டு இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே பைக் பைத்தியம். ஸ்டாஃபோர்டில் நடக்கும் பழைய பைக் ஏலத்தில் ஒரு வின்சென்ட் பிளாக் ஷேடோ (பழைய பிரிட்டிஷ் பைக்) எடுத்து ஐந்து வருடம் கழித்து விற்றால் லாபம் வருமா? வரி உண்டா?

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். சுத்தியல் விழும்போது சொல்லும் விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. 50,000-க்கு ஏலம் முடிகிறது என்று வையுங்கள். வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம் என்றால் 7,500. அந்தக் கமிஷன் மேல் 20 சதவீத வாட் 1,500. ஆக 59,000. விற்கும்போது 10 சதவீத கமிஷனும் அதற்கு வாட்டும் சேர்ந்து 12 சதவீதம் போகும். போட்ட பணம் அப்படியே திரும்பி வருவதற்கே வண்டி 67,000 வரை ஏலம் போயாக வேண்டும். விலை 34 சதவீதம் ஏறினாலும் உங்கள் லாபம் பூஜ்யம்தான்! இன்சூரன்ஸை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கமிஷன் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். ஏல விதிமுறைகளில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

2016-ல் அதே ஸ்டாஃபோர்டில் பிரஃப் சுப்பீரியர் என்ற பழைய பிரிட்டிஷ் பைக் ஒன்று 3,31,900 பவுண்டுக்குப் போனதே என்பீர்கள். போனது உண்மைதான், அதுவும் பிரித்துப் போட்ட நிலையில். ஆனால் அது ஆஸ்டின் கார் எஞ்சின் பொருத்தி, பின்னால் இரட்டைச் சக்கரத்தோடு பத்தே பத்து செய்த மாடல். பிளாக் ஷேடோ ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது.

அடுத்தது போலி. வின்சென்டின் சாதாரண மாடல் ரேப்பிட். ரேப்பிட், ஷேடோ இரண்டுமே 998 சிசி, ஸ்டீவனேஜில் செய்தவை. ரேப்பிட்டின் எஞ்சின் எண் பொதுவாக எஃப்10ஏபி/1 என்று தொடங்கும், ஷேடோவில் 1பி. அந்த ஒரு 'பி' எழுத்துக்குத்தான் இத்தனை விலை. ரேப்பிட் எஞ்சினுக்குக் கறுப்பு எனாமல் பூசி, உளியால் ஒரு 'பி' அடித்தால் என்ன ஆகும்? டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த எழுத்து மட்டும் புதிதாகத் தெரிகிறதா? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இரட்டை சிலிண்டர் வின்சென்ட் வண்டிகளில் ஃபிரேம் எண்ணிலிருந்து எஞ்சின் எண்ணைக் கழித்தால் பொதுவாக 1900 வரும். வராவிட்டால், வின்சென்ட் உரிமையாளர் சங்கத்தில் தொழிற்சாலைப் பதிவைச் சரிபார்க்காமல் ஏலம் கேட்க வேண்டாம்.

வரி பற்றிய பதில் நல்ல செய்தி. பைக் ஒரு இயந்திரம், தேயும் சொத்து என்பதால் சொந்த உபயோக வண்டியை விற்ற லாபத்துக்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. அதே காரணத்தால் நஷ்டத்தையும் வேறு லாபத்தில் கழிக்க முடியாது. ஆனால் அடிக்கடி வாங்கி விற்றால் வியாபாரமாகிவிடும், வருமான வரி கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், முழு 60,000-ஐயும் இதில் போடாதீர்கள். இந்த வண்டிகளைக் கனவு கண்ட தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்து வாங்கப்போவது யார் என்பது எனக்கே சந்தேகம். என் வாடிக்கையாளர் ஒருவர் பழைய பைக்கைப் போர்வை போட்டு மூடியே வைத்திருந்தார். விற்கப்போன அன்று மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பாகம்) செத்துக் கிடந்தது, ஸ்டார்ட்டே ஆகவில்லை.

ஆசை விடவில்லையா, சரி. அறுபதுகளின் ட்ரையம்ஃப் போன்வில் பாருங்கள். விலை குறைவு, உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்கும். நாற்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் சாலை வரியும் இல்லை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள்.