இணைய வரைபடத்தையும் தரவையும் வைத்து ஓவியம் செய்ய நிரல் தெரிந்திருக்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?

வேண்டாம். எனக்கும் நிரல் எழுத வராது. கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில்தான் எல்லாம் செய்கிறேன். ஆனால் அதைத் திறக்கும் முன்னால், வரைபடத்திடம் கேட்க ஒரு கேள்வி உங்களிடம் இருக்க வேண்டும்.

பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறேன். ஒரு மழைநாளில், வாசலில் ஓடும் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று தோன்றியது. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த நில உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. தரையில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம். அதை ஏற்றி, நீர் போகும் வழியைக் கணக்கிடச் சொன்னால் மென்பொருளே கோடு போட்டுத் தரும்.

முதல் படம் கோணல்மாணலாக வந்தது. ரேடாருக்கு மொட்டைமாடியும் தரைதான். அதை மேடென்று எடுத்துக்கொண்டு ஓடையைத் தெருத்தெருவாக அலையவிட்டிருந்தது. ஏரிகளின் மேல் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேர்க்கோடுகள். பலரும் சேர்ந்து உருவாக்கும் இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து ராஜகால்வாய்களை (பெங்களூரின் பெரிய மழைநீர்க் கால்வாய்கள்) எடுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவற்றின் கரையோடு நடந்து பார்த்துத் திருத்தினேன். (அந்த வரைபடத்தை எடுத்தால் படத்தின் ஓரத்தில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று குறிப்பிட்டுவிடுங்கள். உரிமம் கேட்பது அது.)

பிறகு படத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தேன். 2005இல் ஆரன் கோப்ளின் என்ற அமெரிக்கக் கலைஞர் விமானத் தடங்களை மட்டும் கோடுகளாக்கினார். நிலத்தை வரையாமலே அமெரிக்கா தெரிந்தது. அதைப் பார்த்துக் கற்றதுதான். சாலை, மெட்ரோ, ஊர்ப்பெயர், கடைசியில் மாநில எல்லை, எல்லாம் போயின. கறுப்புப் பின்னணியில் ஒரே நீர்க்கோடு: அல்சூர், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள், அங்கிருந்து தென்பெண்ணை ஆறு, ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடலூர், கடல். கடலூர் என் சொந்த ஊர். ஓடைகள் சேரச் சேரக் கோட்டின் கனத்தைக் கூட்டினேன். என் தெருவில் மயிரிழை, கடலூரில் விரல் தடிமன்.

நிறம் நீலம். பெல்லந்தூரிலிருந்து கெலவரப்பள்ளி வரைக்கும் மட்டும் சாம்பல் கொடுத்தேன். அந்த ஏரியிலும் அணையிலும் பொங்கிய நுரையைப் பார்த்தபின் அங்கே நீலம் பூச மனம் வரவில்லை.

அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் பெண்ணையாற்றுக்குப் போகிறவர். கடலில் விரலை வைத்து மேலே ஏற்றிக்கொண்டே வந்தவர், ஓசூர் பக்கத்தில் நிறுத்தி, "இங்க மட்டும் ஏன்டா ஆறு செத்த மாதிரி இருக்கு?" என்றார். அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி இப்போது அடுத்த படம் செய்துகொண்டிருக்கிறேன்.