ஆஸ்டரின் நஷ்டக் கணக்கு

அன்புள்ள அண்ணா,

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். நியூயார்க் பொது நூலகத்தைப் பற்றி நீங்கள் எழுதியபோது ஜான் ஜேக்கப் ஆஸ்டரை 'தோல் வியாபாரி' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஜெர்மனியில் ஒரு கசாப்புக்கடைக்காரரின் மகனாகப் பிறந்து, 20 வயதில் ஏழு புல்லாங்குழலோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, 1848இல் கண்ணை மூடும்போது சுமார் 2 கோடி டாலர் வைத்திருந்தவர். துணிந்து இறங்கினால் ஜெயிக்கலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? என் மகள் பள்ளியில் அவரைப் பற்றிப் பேசப்போகிறாள். ஆஸ்டர் பிளேஸ் ரயில் நிலையச் சுவரில் பீவர் என்ற ஆற்று விலங்கின் படம் ஏன் இருக்கிறது என்று வேறு கேட்கிறாள். பணக்காரர் என்றாலே உங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்கு ஏன் இப்படிக் கசக்கிறது?

க.

அன்புள்ள க.,

கசப்பெல்லாம் ஒன்றுமில்லை தம்பி. பணக்காரர் விருந்துக்குக் கூப்பிட்டால் முதல் பந்தியில் உட்காருகிற ஆள் நான்.

உங்கள் கடிதத்திலேயே உருப்படியான கேள்வி மகள் கேட்டதுதான், அதை முதலில் முடித்துவிடுகிறேன். பீவரின் முரட்டு மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல மெல்லிய உள்முடி இருக்கும். அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. ஈரமும் சூடும் அழுத்தமும் கொடுத்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான துணியாகிவிடும், மழையில் நனைந்தாலும் உருக்குலையாது. ஐரோப்பாவின் கனவான்கள் தலையில் வைத்திருந்த தொப்பியெல்லாம் அதுதான், ஆஸ்டர் விற்றதும் அந்தத் தோல்தான். ஒரு காலத்தில் புதுத்தோலைவிடப் பழைய தோலுக்கு மவுசு அதிகம். பூர்வகுடிகள் முடிப்பக்கம் உடம்பில் படும்படி குளிர்காலம் முழுக்கப் போர்த்திக்கொள்வார்கள். உரசி உரசி முரட்டு முடி தானாக உதிர்ந்துவிடும், தொப்பிக்காரருக்கு வேலை மிச்சம். அதாவது அந்தக் கனவான் தலையில் யாரோ ஒருவரின் குளிர்கால வியர்வை இருந்தது. இதை மகள் வகுப்பில் சொல்லட்டும், பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

ஏழு புல்லாங்குழலை விடுங்கள். லண்டனில் அண்ணன் இசைக்கருவி செய்துகொண்டிருந்தார், தம்பி விற்க எடுத்து வந்தார், அவ்வளவுதான். 1816இல் துருக்கி அபினை டன் கணக்கில் சீனாவின் காண்டனுக்குக் கடத்தியதையும் இப்போது தொடவில்லை. அதைத் தொட்டால் கிழக்கிந்தியக் கம்பெனி வரை போகவேண்டிவரும். துணிந்து இறங்கினார் என்கிறீர்களே, இறங்கியது மாமியார் வீட்டில். மனைவி சாரா டாட் 300 டாலர் சீதனம் கொண்டுவந்தார், கடை வைத்தது மாமியார் வீட்டில், தோலின் தரம் பார்ப்பதில் சாராவின் கை ஆஸ்டரின் கையைவிடத் தேர்ந்தது. ஆஸ்டர் காட்டுப்பக்கம் அலைந்த மாதங்களில் கடையைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

சரி, துணிச்சலுக்கே வருகிறேன். சில நாட்களாக இதே விஷயத்தில் மனம் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பசிபிக் கரையில், கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு கோட்டை கட்டி, தோலை நேராகச் சீனாவுக்கு அனுப்புவது ஆஸ்டரின் கனவு. 1811இல் அஸ்டோரியா எழுந்தது. கடல் வழியாகப் போன அவருடைய டான்குவின் கப்பல் அதே வருடம் வான்கூவர் தீவருகே வெடித்துச் சிதறியது. அதன் கேப்டன் பேரம் பேச வந்த பூர்வகுடித் தலைவரின் முகத்தில் தோலால் அடித்த ஆள், அதில் மூண்ட சண்டை. செய்தி வந்த அன்று மாலை ஆஸ்டர் நாடகம் பார்க்கப் போனார். வீட்டில் உட்கார்ந்து அழுதால் போனது வருமா என்று கேட்டாராம். ஆஸ்டர் கேட்டுக்கொண்டு எழுதப்பட்ட, எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் நூலிலேயே இது இருக்கிறது, நெஞ்சுரத்துக்குச் சான்றாக!

தரை வழியாகப் போன கூட்டத்தில் மேரி டோரியன் என்று ஒரு பெண். ஐயோவா பூர்வகுடி இனத்தவர். கணவர் பியர் டோரியன் மொழிபெயர்ப்பாளர். மேரி இரண்டு பையன்களோடு செயின்ட் லூயிஸிலிருந்து கிளம்பினார், பயணத்தில் வயிற்றில் ஒரு பிள்ளையும் இருந்தது. 1811 டிசம்பர் கடைசியில், இன்றைய ஓரிகானில், பனிக்கு நடுவே பிரசவம். கூட்டம் நிற்கவில்லை, முன்னால் போய்விட்டது. மறுநாள் பச்சைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குதிரையில் வந்து சேர்ந்துகொண்டார். சில நாளில் பிள்ளை இறந்துவிட்டது.

இதோடு முடியவில்லை. 1814 ஜனவரியில் ஸ்நேக் ஆற்றுப் பக்கம் பீவர் பிடிக்கப் போன இடத்தில் கணவரும் மற்றவர்களும் கொல்லப்பட்டார்கள். மேரி இரண்டு பையன்களையும் குதிரையில் ஏற்றிக்கொண்டு தப்பினார். நீல மலையில் பனி வழியை அடைத்துவிட, குதிரைகளைக் கொன்று இறைச்சியை உலர்த்தி, கிளையும் புல்லும் பனியும் வைத்து ஒரு குடில் கட்டி, ஐம்பது நாளுக்கு மேல் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தார். பிறகு நடை. பனியின் வெளிச்சத்தில் கண் தெரியாமல் போய், மூன்று நாள் அசையாமல் கிடந்துவிட்டு, மறுபடி நடை. கடைசியில் பிள்ளைகளைப் போர்த்தி ஒரு இடத்தில் விட்டுவிட்டு, தூரத்தில் தெரிந்த புகையை நோக்கித் தவழ்ந்தே போனார். வல்லா வல்லா மக்கள் அவரைத் தூக்கிக்கொண்டார்கள், ஓடிப்போய்ப் பிள்ளைகளையும் எடுத்து வந்தார்கள்.

இதில் என் ஆத்திரம் எங்கே என்று கேளுங்கள். மேரியின் கணவரும் கூட்டாளிகளும் யாருக்காகத் தோல் சேர்த்தார்களோ, ஆஸ்டரின் அந்தக் கம்பெனியே அப்போது இல்லை. 1813 அக்டோபரில், பிரிட்டனோடு நடந்த போர்ச்சூழலில், அஸ்டோரியாவை அங்கிருந்த பங்குதாரர்கள் கனடாக்காரர்களுக்குச் சுமார் 58 ஆயிரம் டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடிமாட்டு விலைக்குப் போய்விட்டதே என்று ஆஸ்டர் பொருமினார். மலையில் இருந்தவர்களுக்குச் செய்தி போகவில்லை. பியர் டோரியன் செத்தது இல்லாத கம்பெனிக்காக. ஆஸ்டர் வரலாற்றில் அஸ்டோரியாவை 'அவர் சந்தித்த பெரிய நஷ்டம்' என்றுதான் எழுதுகிறார்கள். அவர் என்ன சந்தித்தார், நியூயார்க்கில் உட்கார்ந்து? பணம் போட்டவன் துணிந்தவன், பனியில் நடந்தவள் அடிக்குறிப்பா? படித்த பிள்ளை நீங்கள், ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா?

அவர் கெட்டிக்காரர், அதை மறுக்கவில்லை. பட்டுத் தொப்பி வந்து பீவருக்கு மதிப்பு இறங்கிய நேரம் பார்த்து 1834இல் தோல் வியாபாரத்தை விற்றுவிட்டு மன்ஹாட்டன் நிலத்தில் முழுசாக உட்கார்ந்தார். உயிலில், பிற்பாடு நியூயார்க் பொது நூலகத்தோடு சேர்ந்த ஆஸ்டர் நூலகத்துக்கு 4 லட்சம் டாலர், சொத்தில் நூற்றுக்கு இரண்டு. எழுதுகிறவன் என்ற முறையில் அதற்கு நன்றி சொல்கிறேன்.

மேரி 1850 வரை ஓரிகானில் இருந்தார், ஆஸ்டருக்குப் பிறகு இரண்டு வருடம். மகளின் பேச்சில் பாதியை இவருக்குக் கொடுங்கள். மீதி நேரத்துக்கு நூலக வாசலில் இருக்கும் இரண்டு கல் சிங்கங்களைப் பற்றிச் சொல்லலாம். இப்போது அவற்றுக்குப் பொறுமை, மனவுறுதி என்று பெயர். ஆரம்பத்தில் லியோ ஆஸ்டர், லியோ லெனாக்ஸ் (இன்னொரு நூலகப் புரவலர்) என்றுதான் ஊரார் கூப்பிட்டார்கள்.