42 நட்சத்திரக் கொடி அரியதுதானா?

கேள்வி: இங்கே பழம்பொருள் கடை ஒன்றில் 42 நட்சத்திரங்கள் கொண்ட அமெரிக்கக் கொடி ஒன்றும், 13 நட்சத்திரங்கள் கொண்ட சிறிய கொடி ஒன்றும் விற்பனைக்கு உள்ளன. முதலாவது அரசு ஒருபோதும் ஏற்காத எண்ணிக்கை என்பதால் மிக அரியது என்றும், இரண்டாவது சுதந்திரப் போர்க் காலத்தது என்றும் கடைக்காரர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?
- வாசகர், நியூ ஜெர்சி

பதில்: 42 என்பது அரசு ஏற்காத எண்ணிக்கை என்பது உண்மையே. ஆனால் அதனாலேயே அது அரியதாகிவிடாது. 1818-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிதாகச் சேரும் மாநிலத்துக்குரிய நட்சத்திரம் அடுத்து வரும் ஜூலை 4 அன்றுதான் கொடியில் இடம்பெறும். 1889 நவம்பரில் இரண்டு டகோட்டாக்களும் மொன்டானாவும் வாஷிங்டனும் பத்து நாள்களுக்குள் சேர்ந்ததால், 38 ஆக இருந்த மாநிலங்கள் 42 ஆயின. வரவிருந்த ஜூலையை எதிர்பார்த்துத் தயாரிப்பாளர்கள் 42 நட்சத்திரக் கொடிகளை ஏராளமாகச் செய்துவிட்டார்கள். 1890 ஜூலை 3 அன்று ஐடஹோ சேர்ந்துவிடவே, மறுநாள் சட்டப்படியான எண்ணிக்கை 43 ஆகிவிட்டது.

தேடினாலும் எளிதில் கிடைக்காதது அந்த 43 நட்சத்திரக் கொடிதான். ஓராண்டு முழுவதும் அது அதிகாரபூர்வமாக இருந்தது. எனினும் ஜூலை 10 அன்றே வயோமிங் சேர்ந்து, அடுத்த ஆண்டு 44 என்பது உறுதியாகிவிட்டதால், அதைத் தயாரிக்க முன்வந்தவர்கள் மிகச் சிலரே. சட்டம் ஏற்ற கொடி அரிதாகவும் ஏற்காதது மலிந்தும் இருப்பதே இந்தச் சேகரிப்பில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். 1912-இல் நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் ஜனவரி, பிப்ரவரியில் அடுத்தடுத்துச் சேர்ந்ததால், 47 நட்சத்திரக் கொடிகளும் சொற்பமே.

ஆகவே எண்ணிக்கையோடு அமைப்பையும் பாருங்கள். 1912-இல் அதிபர் டாஃப்ட் ஆணை பிறப்பிக்கும் வரை நட்சத்திரங்களை அடுக்கும் முறை தயாரிப்பாளரின் விருப்பமாகவே இருந்தது. நேர்வரிசையில் அமைந்தவற்றைவிட, வட்டத்துக்குள் வட்டமாகவோ ஒரே பெரிய நட்சத்திர வடிவிலோ அமைந்தவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை தருவார்கள்.

13 நட்சத்திரக் கொடி விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 1876-இல் நடந்த அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டு விழாவுக்காக அத்தகைய கொடிகள் நிறையச் செய்யப்பட்டன. கடற்படையின் சிறு படகுகளிலும் 1916 வரை அவை பறந்தன. சந்தைக்கு வரும் 13 நட்சத்திரக் கொடிகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டவை. நட்சத்திரங்களைச் சுற்றிக் கோணல்மாணலாக ஓடும் இயந்திரத் தையல் இருந்தால், அது 1890-களுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. புற ஊதா விளக்கின் ஒளியில் வெள்ளைத் துணி நீலமாக ஒளிர்ந்தாலும் சந்தேகப்படுங்கள். பழைய துணியை இன்றைய சலவைத் தூளில் அலசியிருந்தாலும் அப்படி ஒளிரும் என்பதால், தையல் மடிப்பின் உள்ளே இருக்கும் நூலையும் அதே விளக்கில் பார்த்துவிடுங்கள்.

42 நட்சத்திரக் கொடியை 1889-90 குளிர்காலத்தின் நினைவுப்பொருளாக, நியாயமான விலைக்குத் தாராளமாக வாங்கலாம். 13 நட்சத்திரக் கொடிக்குச் சுதந்திரப் போர்க் கால விலை கேட்டால், எழுத்துபூர்வமான சான்று தரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.