ஓடும்போது இழுவை போகிறது, நிறுத்தினால் திரும்புகிறது: பழைய டீசல் பிக்கப்பில் எங்கே தேடுவது?

கேள்வி: என்னுடையது 20 வருடப் பழைய டர்போ டீசல் பிக்கப். கம்ப்யூட்டர் இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் வண்டி. காலையில் நன்றாக ஓடுகிறது. லோடோடு முக்கால் மணி நேரம் ஓடியதும், மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் தொய்ந்துவிடுகிறது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் சரியாகிவிடுகிறது. டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. இப்போது இன்ஜினுக்கு டீசலை அழுத்திச் செலுத்தும் மெயின் பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். கழற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பம்ப் வேலை செலவு பிடிக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறியோ வேறு இடத்தைக் காட்டுகிறது.

அந்தப் பத்து நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். ஓடி வந்த இன்ஜினை நிறுத்தினால் உடனே குளிர்ந்துவிடாது. ஃபேனும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் சூடு முதலில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். சூட்டினால் வரும் கோளாறு என்றால் பத்து நிமிடம் கழித்து அது மோசமாகியிருக்க வேண்டும். தேய்ந்துபோன பம்ப்பும் பெரும்பாலும் சூட்டில் ஸ்டார்ட் ஆக முரண்டுபிடிக்கும். உங்கள் வண்டியில் அது இல்லை. அப்படியென்றால் நிறுத்தியதும் மாறுவது எது? டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுவது நின்றுபோகிறது. அங்கேதான் தேட வேண்டும்.

பழைய டேங்கின் அடியில் துரு, சேறு, தண்ணீர் இருக்கும் இடத்தில் வளரும் பாசி போன்ற கசடு எல்லாம் சேர்ந்திருக்கும். ஓட ஓட இது உறிஞ்சுகுழாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கொஞ்சம் டீசல் போதும், அதனால் தெரியாது. மேட்டில் நிறைய வேண்டும், அப்போது பற்றாது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் விட்டுப்போய்க் கசடு கீழே உதிர்ந்துவிடும். வண்டியும் சரியானது போல ஓடும்.

டேங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். டீசல் குறையும் அளவுக்குக் காற்று உள்ளே வராமல் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க இழுக்க டேங்க் எதிர்த்து இழுக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. அடுத்த முறை இழுவை போனதும் பத்து நிமிடம் காத்திருக்காமல், உடனே நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று பலமாக உள்ளே போய், வண்டியும் அந்தக் கணமே சரியானால், மூடியும் காற்றுக் குழாயும்தான் காரணம்.

மேட்டில் இழுவை போகும் நேரத்தில், பின்னால் வரும் ஒருவரைப் புகையையும் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பாகக் கக்கினால் டீசல் போகிறது, காற்றுதான் பற்றவில்லை. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ்களைப் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸின் உள்பக்கத் தோல் உரிந்து, இழுக்கும்போது மட்டும் வழியை அடைப்பதுண்டு, வெளியே பார்த்தால் தெரியாது. புகையே இல்லாமல் தொய்ந்தால் டீசல் வந்து சேரவில்லை.

அடுத்தது காற்றுக் கசிவு. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்து மெயின் பம்புக்குத் தரும் சின்னப் பம்ப்) வரையுள்ள லைன் உறிஞ்சும் லைன். அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். அதனால் 'எங்கேயும் ஈரமில்லை' என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். பம்புக்குப் போகும் வழியில், டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒரு சாண் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் நாலு குமிழி வந்து நின்றால் பரவாயில்லை. விடாமல் வந்தால் ஹேண்ட் பம்ப், ஃபில்டர் வாஷர், தண்ணீர் வடிக்கும் திருகு, வெடித்த ஹோஸ் நுனி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இதிலும் பிடிபடவில்லையென்றால் கேன் சோதனை. சுத்தமான டீசல் உள்ள கேனை, சூடான சைலன்சர் குழாய்க்குத் தள்ளி, அசையாமல் கட்டி, ஃபீட் பம்பின் உறிஞ்சு ஹோஸையும், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதில் விடுங்கள். அதே லோடோடு, அதே அளவு நேரம் ஓட்டி, அதே மேட்டில் ஏற்றுங்கள். நன்றாக ஏறினால் குற்றம் டேங்கிலோ லைனிலோதான். அப்படியும் தொய்ந்தால் ஃபீட் பம்பின் சல்லடை வலையைக் கழுவிவிட்டு, அப்புறம் மெயின் பம்பைச் சந்தேகப்படலாம்.

இடையில் இரண்டு சின்ன வேலை. ஒருவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, மெயின் பம்பின் லீவர் முழுக்கத் திரும்பி, அதன் எல்லையான கடைசித் திருகைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஓடி நின்றதும் சக்கரங்களின் அருகே கை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடி ஓடுகிறது.

இதைப் படிக்கும் வேறு யாராவது காமன் ரெயில் வண்டி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில், மிக அதிக அழுத்தத்தில் டீசல் செலுத்தும் புதிய வகை) வைத்திருந்தால், இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. 1000 பாருக்கு மேலும் போகும் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வண்டிகளுக்கு முதலில், கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள்.

டேங்கில்தான் கசடு என்று தெரிந்தால் லைனைக் காற்றடித்து விடுவதோடு நிறுத்தாதீர்கள். கசடு டேங்குக்கே திரும்பிப் போய், சில நாளில் மறுபடி வந்து அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவுங்கள். கழுவிய பிறகும் மிச்சமிருக்கும் நுண்ணிய துரு புது ஃபில்டருக்கு வந்து சேரும் என்பதால், சில நாள் ஓட்டிவிட்டு ஃபில்டரை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள்.