ஸ்விட்ச் இ-ஷாப் தள்ளுபடிகளை ஸ்கிரிப்ட் எழுதி அலசிப் பார்த்தவர்கள் உண்டா? என்ன தெரிந்தது?

நான் பார்த்திருக்கிறேன். ஒன்றரை வருடமாக என் கணினியில் தினம் ஒருமுறை பைத்தான் மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) ஓடி, நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியின் இணையக் கடையான இ-ஷாப்பின் அன்றைய விலைகளை எடுத்துச் சேமித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "80% தள்ளுபடி" என்று போட்டிருந்தால் எந்த விலையிலிருந்து 80% என்று பாருங்கள். நிறைய சின்ன கேம்களுக்கு அந்த முழு விலை பெயருக்குத்தான் இருக்கிறது.

ஆரம்பித்த கதை சாதாரணமானது. விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கும் பட்டியலில், நாற்பது கேம் வைத்திருந்தேன். தள்ளுபடி வந்ததும் மின்னஞ்சல் வரும், பதறிப்போய் வாங்குவேன், பாதியைத் திறந்துகூடப் பார்க்கமாட்டேன். அப்படி அவசரமாக வாங்கிய ஒரு புதிர் கேம், சலுகை முடிந்த சில வாரங்களில் மறுபடி அதே விலைக்கு வந்து நின்றது. அப்போதுதான் இது எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கிறது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது.

வேலை இரண்டு பகுதி. முதலாவது, கடையில் என்னென்ன கேம் இருக்கிறது என்ற பட்டியல். நிண்டெண்டோவின் ஐரோப்பியத் தளத்தின் தேடல் சோலர் என்ற தேடுபொறியில் ஓடுகிறது. அதனிடம் கேட்டால் மொத்தப் பட்டியலையும் நிரல்கள் எளிதாகப் படிக்கக்கூடிய ஜேசன் வடிவில் கொடுத்துவிடும். ஒவ்வொரு கேமுக்கும் 14 இலக்க எண் ஒன்று உண்டு. 7001 என்று தொடங்கினால் கேம், 7005 என்றால் கூடுதல் உள்ளடக்கம், 7007 என்றால் பண்டில், அதாவது சேர்த்து விற்கும் தொகுப்பு. இரண்டாவது பகுதி, அந்த எண்களை விலை சர்வரிடம் கொடுத்து விலை கேட்பது. நாட்டின் குறியீடு, மொழி, எண்கள். ஒரு தடவைக்கு 50 எண்வரை அனுப்பலாம். லாகின் வேண்டாம், அனுமதிச் சாவி எதுவும் வேண்டாம். பதிலில் கேம் விற்பனையில் இருக்கிறதா, வழக்கமான விலை என்ன, தள்ளுபடி இருந்தால் அது எத்தனை, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதெல்லாம் வந்துவிடும்.

பத்தாயிரம் கேம் என்று வைத்துக்கொண்டாலும் 200 கோரிக்கைகள்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விநாடி விட்டால் நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு விநாடியைத் தயவுசெய்து விடுங்கள். இது நமக்காகத் திறந்துவைத்த ஏபிஐ (வெளி நிரல்கள் தரவு கேட்பதற்கான வாசல்) இல்லை. அவர்களுடைய வலைப்பக்கங்கள் விலை கேட்கும் இடத்தில் நாமும் போய்க் கேட்கிறோம், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது மாதிரி. குடம் குடமாக எடுத்தால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

நான் செய்த முட்டாள்தனங்களையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நீங்களும் செய்வீர்கள். விலை எண்ணாக வராது, எழுத்துச் சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்துகளாகத்தான் வரும். அதை அப்படியே வரிசைப்படுத்தினேன். 1.99க்கு அடுத்து 10.49, அதற்கடுத்து 14.99, பிறகுதான் 2.99. அந்தப் பட்டியலை "மலிவு கேம்கள்" என்று நண்பன் ஒருவனுக்கு வேறு அனுப்பிவைத்தேன். இப்போது எல்லாவற்றையும் செண்ட் கணக்கில் முழு எண்ணாக மாற்றித்தான் சேமிக்கிறேன். யென்னுக்குப் புள்ளி கிடையாது என்பதை மறக்காதீர்கள், அதையும் நூறால் பெருக்கி வைத்துவிடுவீர்கள். இன்னொன்று: ஒரே கேமுக்கு அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றிலும் தனித்தனி எண். ஐரோப்பிய எண்களை அமெரிக்கக் கடையிடம் கொடுத்துவிட்டு, "கிடைக்கவில்லை" என்ற பதில் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்து, பாதிக் கடையைக் காலிசெய்துவிட்டார்கள் என்று ஒரு மாலை முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டும் சிரித்துவிட்டுப் போகிற தவறுகள். மூன்றாவதுதான் உண்மையில் வலித்தது. தினம் பத்தாயிரம் வரி எதற்கு என்று, விலை மாறினால் மட்டும் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் ஒரு வரி சேர்த்தேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் கணினி அணைந்தே கிடந்தது. பிறகு தரவைப் பார்த்தால், அந்த நாட்களில் விலை மாறவே இல்லையா, அல்லது நான் பார்க்கவே இல்லையா என்று சொல்ல வழியில்லை. இரண்டுக்கும் வெறுமைதான் அடையாளம். தள்ளுபடியின் தொடக்கத் தேதி கூடவே வருவதால் கொஞ்சம் மீட்க முடிந்தது. ஆனால் நான் தூங்கிய நாட்களுக்குள்ளேயே தொடங்கி முடிந்த சலுகைகள் போனது போனதுதான். அதனால் விலை மாறினாலும் மாறாவிட்டாலும் "இன்று ஓடினேன்" என்று ஒரு வரியைத் தனி அட்டவணையில் எழுதிவையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கடையை வைத்தே சொல்கிறேன். நிண்டெண்டோவின் சொந்தப் பெரிய கேம்கள் அபூர்வமாகத்தான் இறங்கும். இறங்கினாலும் பெரும்பாலும் 30%, அதாவது 59.99 டாலர் 41.99 ஆகும். அவற்றுக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை. கூத்தெல்லாம் சிறு கேம்கள் பக்கம். தள்ளுபடி விலைகளை மட்டும் எடுத்து வரைபடம் போட்டேன், 1.99 டாலரில் ஒரு கோபுரமே எழுந்து நின்றது. 14.99 விலையுள்ள கேம் 1.99க்கு வந்தால் 87% தள்ளுபடி என்று போடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த கேம் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் 1.99லேயே இருந்தால், 14.99 என்பது எதன் விலை?

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், அதிகம் விற்பவை பட்டியல் ஒன்று கடையில் இருக்கிறது. பல வருடங்களாக அது முந்தைய இரண்டு வாரங்களின் டவுன்லோட் எண்ணிக்கையை வைத்தே அமைந்தது. 59.99 கொடுத்து வாங்கியதும் ஒரு டவுன்லோட், 1.99 கொடுத்து வாங்கியதும் ஒரு டவுன்லோட். விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கி, எண்ணிக்கையை ஏற்றி, பட்டியலில் ஏறிவிட்டால் சலுகை முடிந்த பிறகும் சில நாள் அங்கேயே கண்ணில் படலாம். அந்த நாட்களில் முழு விலை கொடுப்பவர்கள்தான் லாபம். விளம்பரத்துக்குச் செலவழிக்க முடியாத சின்ன நிறுவனங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்றும் யோசிக்கிறேன், எனக்கு அவர்கள் மேல் பெரிய கோபமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. விலைக்குறைப்பை அறிவித்தால் முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்டவேண்டும். விலையை ஏற்றிவிட்டு உடனே குறைக்கும் வித்தைக்கு அது ஒரு கடிவாளம்.

இப்போது ஒவ்வொரு கேமுக்கும் மூன்றே எண்கள் பார்க்கிறேன். நான் கவனித்த நாட்களில் எத்தனை நாள் தள்ளுபடியில் இருந்தது, ஒரு சலுகைக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள் இடைவெளி, தினசரி விலைகளின் நடுமதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் விலை) என்ன. சராசரி வேண்டாம், நடுமதிப்பே போதும். அதைத்தான் அந்த கேமின் உண்மையான விலை என்று வைத்துக்கொள்கிறேன். இடைவெளி ஐந்தாறு வாரம்தான் என்றால் மின்னஞ்சலை அப்படியே அழித்துவிடலாம், மறுபடி வரும்.

எந்த கேம் எத்தனை பிரதி விற்றது என்பது இதில் கிடைக்காது. பலர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். விலையை வைத்து விற்பனையை ஊகிக்க நான் தயாரில்லை.

விலை வரலாறு மட்டும் போதும் என்பவர்கள் ஸ்கிரிப்ட் எழுதவே வேண்டாம், டெக்கு டீல்ஸ் தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் வரைபடமே போட்டு வைத்திருக்கிறார்கள். சொந்தக் கேள்விகள் இருந்தால்தான் சொந்த ஸ்கிரிப்ட். அப்படி எழுதுவதாக இருந்தால் சேகரிக்கும் பகுதியை மட்டும் இன்றைக்கே ஓடவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. விலை சர்வர் இன்றைய விலையைத்தான் சொல்லும், நேற்றையதைக் கேட்டால் கிடைக்காது. அலசுவதை ஆறு மாதம் கழித்துக்கூடச் செய்யலாம்.