மாமாவின் சோர்க்கியும் ஒரு வெள்ளைப் பொட்டும்

அன்புள்ள அண்ணா,

நான் மட்டக்களப்புப் பெரியகல்லாற்றைச் சேர்ந்தவன். ஏழு வருடமாக டோஹாவில் வேலை. பழைய ஸ்டூடியோக்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு எனக்கும் பிலிம் கமரா ஆசை பிடித்துக்கொண்டது. அதிலும் ரேஞ்ச்ஃபைண்டர்தான் வேண்டும். கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். லைக்கா எம்3 வாங்கவா, எம்6 வாங்கவா? அல்லது கெனன் கனோனெட், யஷிக்கா எலெக்ட்ரோ போன்ற ஜப்பான் கமராக்கள் போதுமா? எதை வாங்கினால் பின்னாளில் விலை ஏறும்? ஊரில் புது வீட்டு விறாந்தையில் கண்ணாடி அலுமாரி ஒன்று செய்வித்திருக்கிறேன், உள்ளே லைட்டும் போட்டாயிற்று. நாலைந்து கமராக்களாவது அதில் வைக்க விருப்பம். பிலிம் கழுவ ஊரில் வசதி இல்லை என்கிறார்கள், அதற்கு என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போன வாரம் முழுக்க நான் என் மாமாவின் நெகட்டிவ்களோடுதான் இருந்தேன். மாரி தொடங்குமுன் பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒவ்வொரு சுருளாக எடுத்துப் பார்த்து, புது சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைப்பது வருடா வருடம் என் வேலை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. முதல் தடவை வாசித்தபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை வாசித்து அந்த அலுமாரிக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலை ஏறுமா என்று கேட்டதை நான் விட்டுவிடுகிறேன். அதற்குக் காணி இருக்கிறது, நகை இருக்கிறது.

லைக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். எம்3 1954இல் வந்தது. அதன் வியூஃபைண்டர் 0.91 மடங்கு, வெறும் கண்ணால் பார்ப்பதற்கு மிகவும் கிட்ட. வலக்கண்ணை அதில் வைத்து இடக்கண்ணையும் மூடாமல் இருந்தால், எதிரே இருக்கும் தெருவின்மேல் ஒரு வெளிச்சச் சட்டம் மட்டும் மிதப்பது போல இருக்கும். சட்டத்துக்கு வெளியே நிற்கிற ஆளும் தெரிவார். அவர் உள்ளே வருமுன்னமே நீங்கள் தயாராகிவிடலாம். எஸ்எல்ஆரில், அதாவது உள்ளே ஒரு கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கிற கமராவில், லென்ஸ் காட்டுவது மட்டும்தான் தெரியும். அழுத்துகிற கணத்தில் அந்தக் கண்ணாடி மேலே எழும்பி அதையும் மறைத்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே இல்லை. படம் விழுகிற கணத்தையும் நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள், சத்தமும் குறைவு. நடுவில் ஒரு சின்னச் சதுரம். அதற்குள் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகப் பொருந்தும். அந்தப் பொருந்தல் எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

எம்3இல் ஒளிமானி கிடையாது. 1984இல் வந்த எம்6இல் உண்டு, பற்றரி செத்துப்போனாலும், பிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடுகிற அதன் ஷட்டர் வேலை செய்யும். 2022இல் அதையே மறுபடியும் செய்து விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டுமே ஒரு ஆயுளுக்குப் போதுமானவை. இரண்டையும் நீங்கள் வாங்கக்கூடாது.

ஏன் என்றால் அந்த அலுமாரி.

தம்பி, உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று யோசித்தீர்களா? ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. பூட்டுக்குள் உப்பேறுகிற ஊர். ஐப்பசி பிறந்தால் உடுப்புக் காயாது, கட்டிலுக்குக் கீழே கிடக்கிற செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். லென்ஸை மட்டும் அந்தப் பூஞ்சணம் விட்டுவைக்குமா? அதற்கு வேண்டியது இருட்டு, ஈரம், அசையாத காற்று. மூன்றையும் தச்சனுக்குக் கூலி கொடுத்து நீங்களே செய்து வைத்திருக்கிறீர்கள். லைட் போட்டிருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். பழைய குண்டு பல்ப் என்றால் அந்தச் சூட்டில் கொஞ்சம் ஈரம் போகும், எல்ஈடி வெளிச்சம் மட்டும்தான் தரும். தோல் உறை இன்னும் மோசம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கமராவுக்கு ஊட்டும். முதல் மாரியில் லென்ஸுக்குள் சிலந்தி நூல் போல ஒரு இழை தெரியும். இரண்டாம் மாரியில் அது கிளைவிடும். லென்ஸின் மேல்பூச்சை அது தின்றுவிட்டால் பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. அசையாமல் கிடக்கிற ஷட்டரில் எண்ணெய் இறுகி, ஒரு விநாடிக்கு மூடவேண்டியது இரண்டு விநாடிக்கு மூடும். டோஹாவில் ஏசி அறையில் இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. கல்லாற்றில் தெரியும்.

வெளியே எடுத்துப் போகிற கமராவுக்கு வெயில் படும், காற்றுப் படும், கை படும். மாதத்துக்கு ஒரு ரோல் ஓடினால் ஷட்டர் ஒழுங்காக இருக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் லென்ஸ் தன்பாட்டில் காய்ந்துவிடும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதை நீங்கள் நாவலடிக் கரைக்கு எடுத்துப் போவீர்களா? மாமாங்கத் தேர்க்கூட்டத்துக்குள் கழுத்தில் போட்டுக்கொண்டு நுழைவீர்களா? மாட்டீர்கள். மனைவி கேட்டால்கூடத் தொடவிடமாட்டீர்கள். எடுக்கப் பயப்படுகிற கமராவை வாங்காதீர்கள் என்பதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன், இன்னும் சொல்லுவேன்.

என் மாமாவிடம் இருந்தது சோர்க்கி 4. சோவியத் யூனியனில் 1956 தொடக்கம் 1973 வரை செய்த கமரா, பழைய லைக்காவின் திருகு லென்ஸ் வம்சம். அவர் மொஸ்கோவில் படித்தவர், பட்டத்தோடு அதையும் கொண்டுவந்தார். பிறகு வாவியின் மேற்கே படுவான்கரையில் பள்ளிக்கூட மாஸ்டர். சோர்க்கியில் ஒரு கட்டாய விதி உண்டு. பிலிமை இழுத்து ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், மாறிச் செய்தால் உள்ளே பழுதாகிவிடும். "முதல்ல இழு மனே, பிறகு திருப்பு" என்பதுதான் படம் பிடிப்பதில் நான் கற்ற முதல் பாடம்.

78 சூறாவளிக்கு முந்தின வருடம், சித்திரை மாதம். அம்பிளாந்துறைப் பக்கம் ஒரு வடமோடிக் கூத்து அரங்கேற்றம். விடிய விடிய ஆட்டம். பெற்றோமக்ஸ் வெளிச்சம் போதாமல் மாமா லென்ஸை எஃப் 2க்கு முழுதாகத் திறந்துவைத்து, களரியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். அடுத்த நாள் மத்தியானம் குருக்கள்மடத்துக்குப் பாதையில் வந்தோம். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன், மனிதரையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். எனக்கு எட்டு வயது. நடு வாவியில் மாமா கிழக்கே எழுவான்கரைத் தென்னைகளை ஒரு படம் எடுத்தார், தூரம் என்பதால் குவியத்தைக் கடைசிவரை திருப்பி. எடுத்துவிட்டு மூடியைப் போடாமல் கமராவை மடியில் மல்லாக்க வைத்தார். யாரோ வெற்றிலை நீட்டினார்கள், பேச்சு கூத்தைப் பற்றிப் போனது.

சித்திரையில் நம் ஊரில் உச்சிச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நாம் கடதாசி எரிக்கவில்லையா, அதேதான். சோர்க்கியிலும் லைக்காவிலும் ஷட்டர் என்பது இறப்பர் பூசிய துணிச்சீலை. எஸ்எல்ஆரில் சீலைக்கு முன்னால் அந்தக் கண்ணாடி நின்று தாங்கிக்கொள்ளும். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் சீலைக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. திறந்த லென்ஸ் சூரியனைச் சின்ன வட்டமாகக் குவித்துச் சீலையில் வைத்தது. மணமும் வரவில்லை, புகையும் வரவில்லை. ரோல் முடிந்து டவுணில் கழுவிய பிறகுதான் தெரிந்தது, ஊசி முனையளவு ஓட்டை.

அதற்குப் பிறகு மாமா எடுத்த படங்களில் வலது மேல் பக்கம் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். ஓட்டை வழியாக ஒளி கசிந்து நெகட்டிவில் கறுப்புப் புள்ளி விழும், படத்தில் அது வெள்ளையாகும். மாற்றுச் சீலைக்கு அந்த நாளில் எங்கே போவது? கறுப்பு நெயில் பொலிஷ் பூசினார். காய்ந்து வெடித்து உதிரும், மறுபடி பூசுவார். பூசின மாதம் பொட்டு இருக்காது, உதிர்ந்த மாதம் இருக்கும். கலியாணம், சாமத்தியச் சடங்கு, கண்ணகை அம்மன் குளிர்த்தி என்று எல்லாவற்றிலும் தலைகளுக்கு மேலே பகல் நிலா போல அது நிற்கும். அதற்காக அவர் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. யாரும் அவரைக் கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் மாமி முதலில் தூக்கியது நெகட்டிவ் டின்னைத்தான்.

2005 நடுப்பகுதியில் மாமி வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தாள். நாவலடி. முந்தின மார்கழியில் வந்த அலையில் வீடும் போய்த் தாயும் போனாள். உள்பக்கத்தில் இருந்த சித்தி வீட்டுச் சுவரில் தாயின் கலியாணப் படம் ஒன்று மிஞ்சியிருந்தது, உள்ளங்கை அளவு, செல்லரித்தது. அதில் அந்தப் பொட்டு. பொட்டு விழுந்த படம் என்றால் மாஸ்டர் எடுத்ததுதான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாமா அப்போது உயிரோடு இல்லை. நானும் மாமியும் இரண்டு இரவு டோர்ச் வெளிச்சத்தில் டின்னைத் துழாவினோம். கிடைத்தது, ஆறு படம். டவுணில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கக் கொடுத்தோம். கம்பியூட்டரில் இருந்தவர் அந்தப் பொட்டை ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்றார். "வேணாம் அண்ணா, எங்கட வீட்டில மாட்டியிருந்த படத்திலயும் இது இருந்தது" என்றாள் அவள்.

மாமா அந்தச் சோர்க்கியை அலுமாரியில் வைத்திருந்தால் சீலை இன்றைக்கும் ஓட்டை இல்லாமல் இருந்திருக்கும். அதை நினைத்துப் பாருங்கள்.

சரி, என்ன வாங்குவது என்று கேட்டீர்கள். கெனன் கனோனெட் கியூஎல்17 ஜி3, 1972இல் வந்தது. 40 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 1.7. கூத்துக்களரிக்கும் போதும். விலையில் லைக்காவுக்குக் கிட்டவும் வராது. இதில் ஷட்டர் சீலை அல்ல, லென்ஸுக்குள்ளேயே இருக்கிற உலோக இதழ்கள், ஆகவே பாதையில் மல்லாக்க வைத்தாலும் எரிவதற்குத் துணி இல்லை. அந்த இதழ் ஷட்டரால் இன்னொரு நன்மை, 500இல் ஒரு பங்கு விநாடி வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் பாவிக்கலாம். நம் கோயில்களில் உச்சிவெயிலில் எடுக்கிற படங்களில் கண்குழி கறுத்து முகம் தெரியாமல் போகுமே, அதற்கு இதுதான் மருந்து. அதன் பாதரச பற்றரி இப்போது வராது. காதுக்கருவிக்குப் போடுகிற 675 பற்றரியை ஒரு வளையத்தோடு போட்டால் ஒளிமானி வேலை செய்யும். பற்றரியே இல்லாவிட்டாலும் கையால் கணக்குப் போட்டு எடுக்கலாம். யஷிக்கா எலெக்ட்ரோ நல்ல கமராதான், ஆனால் பற்றரி போனால் 500இல் ஒரு பங்கு விநாடி ஒன்றுதான் மிஞ்சும். வேண்டாம்.

கழுவுவதற்கு ஸ்டூடியோ தேடாதீர்கள். கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவலாம். மருந்து 20 பாகையில் இருக்க வேண்டும், நம்முடைய கிணற்றுத் தண்ணீர் அதைவிடச் சூடு. ஐஸ் கட்டியைப் பையில் போட்டுக் கட்டி வெளிப்பாத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக்குள் போடாதீர்கள். விடுமுறையில் வந்தால் நான் செய்து காட்டுகிறேன்.

அப்புறம், இவ்வளவு சொல்லியும் மனம் லைக்காவில்தான் நிற்கிறது என்றால், காசு கொடுக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து, முன்னாலிருந்து டோர்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஷட்டரை ஏற்றி ஒரு தடவை, விடுவித்து ஒரு தடவை. சீலை இரண்டு இருக்கிறது, இரண்டையும் பார்க்க வேண்டும். எங்காவது நட்சத்திரம் போல ஒரு புள்ளி தெரிந்தால், சீலை மாற்றுகிற செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்