நடுவர் ஏன் பேசிக்கொண்டே ஓடுகிறார்?

கேள்வி: ரக்பி ஆட்டத்தில் நடுவர் ஓயாமல் வீரர்களிடம் பேசுகிறாரே! விசில் ஊதி, அட்டையைக் காட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்தப் பேச்சில் பாதி, தவறு நடக்கும் முன்பே வரும் எச்சரிக்கை. ஆட்கள் குவிந்து பந்துக்கு மல்லுக்கட்டும்போது “கையை எடு”, “விலகு” என்று அதட்டினால், பல நேரம் விசிலுக்கே வேலையிருக்காது. (பள்ளிக் கபடிக்கு நடுவராக நின்ற காலத்தில் எனக்கு இது உறைக்கவில்லை, விசிலைத்தான் தேய்த்தேன்.) பெரிய தவறென்றால் அணித்தலைவரையும் அழைத்துச் சொல்வார். வாதாடினால், எதிரணிக்குக் கிடைத்த பெனால்டியை (தண்டனை உதையை) எடுக்கும் இடம் 10 மீட்டர் முன்னே நகரும். மஞ்சள் அட்டை என்றால் 10 நிமிடம் வெளியே.

எனக்குப் பிடித்த நடுவர் வேல்ஸ் நாட்டு நைஜல் ஓவன்ஸ். 2015 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதியது நியூகாசிலில், ஒரு கால்பந்து மைதானத்தில். ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் ஹாக், இடிபட்டதாகப் பாவனை காட்டி விழுந்தார். ஓவன்ஸ் அட்டையைத் தொடவில்லை. இப்படி விழ ஆசையென்றால் இரண்டு வாரம் கழித்து இதே மைதானத்துக்கு வந்து விளையாடு என்றார். கால்பந்தில் இப்படிப் பாவனையாக விழுகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு குட்டு! அவர் அணிந்திருந்த மைக் வழியே தொலைக்காட்சி நேயர்கள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. மஞ்சள் அட்டையைவிட அதிகமாகச் சுட்டிருக்கும்.